இணைக்கப்பட்ட சாதனங்கள்: 1

அவர் நடந்து நான் பார்த்ததைவிட நின்று பார்த்ததுதான் அதிகம். ஒரு கையில் போன், மறு கையில் குடையோ டிபன் பாத்திரமோ. பக்கத்தில் யாராவது ஒருவர் தன் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஆள் தலை நிமிரும்வரை இவர் அசையமாட்டார். நிமிர்ந்ததும் கேட்பார்: "ஆச்சா? நகரட்டா?"

மணக்காட்டில் எங்கள் வீட்டு மாடியறையில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தவர். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். கிழக்கேகோட்டையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவு. என்னை 'எக்கா' என்று கூப்பிடுவார். என் மகள் ரின்சி அவரை 'மாமி' என்பாள். என் மனதுக்குள் அவருக்கு நான் வைத்திருந்த பெயர் 'மாடிக்காரி'. இப்போது எழுதும்போது கூசுகிறது. அவருடைய சொந்தப் பெயரை அவரிடம் கேட்காமல் எழுத மனம் வரவில்லை. கேட்பதற்கு என்னிடம் இருக்கும் எண் இப்போது வேலை செய்வதில்லை.

தன் போனிலிருக்கும் நெட்டை ஹாட்ஸ்பாட் போட்டு அடுத்தவர் போனுக்குக் கொடுப்பது எல்லோரும் செய்கிற காரியம்தான். கேட்டால் கொடுப்போம், காரியம் முடிந்ததும் அணைத்துவிடுவோம். இவர் கேட்கும்வரை காத்திருக்கமாட்டார். பஸ் ஸ்டாப்பில் ஒருவர் போனைத் தூக்கித் தூக்கி ஆகாயத்துக்குக் காட்டினால் போதும், தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமா என்பதுபோல "நெட் வேணுமா?" என்று அருகில் போய்விடுவார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி தாறான் எக்கா. நான் ஒருத்தி அத வச்சு என்ன செய்ய? பன்னெண்டு மணியானா அது செத்துப்போவும். சாவதுக்கு முன்ன யாராவது தின்னுட்டுப் போவட்டும்" என்பார். சட்டியில் மிஞ்சிய சோற்றைப் பற்றிப் பேசுகிற குரலில்.

அவருக்குப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். அதனால் போன் முழுவதையும் தமிழில் மாற்றி வைத்திருந்தார். ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயரும் தமிழில்: 'வா மக்களே'. எங்கள் தெருவில் நின்று போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால், ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவில் இந்த ஒன்று தனியாகத் தெரியும். பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரை. "எண்ணத் தெரிஞ்சவன் எல்லாரும் வரலாம்" என்பார்.

ஒருமுறை கோட்டையிலிருந்து ஒரே பஸ்சில் திரும்பினோம். கூட்டம். என் பக்கத்து சீட்டில் இருந்த அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நம்ம கடைப் பிள்ளை பின்வாசல்ல ஏறிட்டா" என்றார். எட்டிப் பார்த்தேன். உண்மைதான், அவர் கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

போனைக் காட்டினார். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று எழுதியிருந்த இடத்தில் பூஜ்யம் போய் ஒன்று வந்திருந்தது. "இதுக்கு முகம் தெரியாது எக்கா, மணந்தான் தெரியும். நாய்க்குட்டி மாதிரி. ஒருக்கா பழகிட்டுன்னா அடுத்த வாட்டி கேக்காது. பக்கத்துல வந்தாலே ஒட்டிக்கிடும்."

அன்று சிரித்தேன்.

அந்தத் துணிக்கடையில் வேலைக்கு வரும் பெண்கள் காலையிலேயே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியம் அரைமணி நேரம்தான் கையில் கிடைக்கும். கடைக்குள்ளே டவர் எடுக்காது. வெளியே வராந்தாவில், மாடிப்படியின் பக்கத்தில், மூன்றாவது தூணருகே மட்டும் அவருடைய போனில் நெட் நன்றாக வரும். இரண்டடி தள்ளினால் கிடையாது. ஒரு நாள் மதியம், வாங்கிய சேலையை மாற்றப் போனபோது பார்த்தேன். தூணில் சாய்ந்து நிற்கிறார். சுற்றி நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி ஊரில் தன் மாமியாரிடம் விட்டுவந்த கைக்குழந்தையை வீடியோவில் பார்த்து அழுதுகொண்டே சிரிக்கிறாள். இவர் டிபனைத் திறந்து நின்றபடியே சாப்பிடுகிறார்.

"உள்ள போயி இருந்து தின்னா என்ன?" என்று கேட்டேன்.

"நான் உள்ள போனா இவளுக்கக் குழந்தை உறைஞ்சு போவும் எக்கா. வாயைத் தொறந்தபடி அப்படியே நிக்கும். பாவம்லா."

இன்னொரு நாள் கரமனை பஸ் ஸ்டாப். வடக்கிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஓர் ஆள், ரயில் டிக்கெட்டைப் போனில் திறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். இவர் கை ஜாடையிலேயே நெட் கொடுத்துவிட்டார். எங்கள் பஸ் வந்தது. நான் ஏறிவிட்டேன். "வாங்க, இத விட்டா அரைமணி நேரம் ஆவும்" என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். அவர் அசையவில்லை. "முடியல்ல எக்கா, சுத்திட்டிருக்கு" என்று அந்த ஆளின் போனைக் காட்டினார். பஸ் நகர்ந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "அவருக்கு பிராந்தா சேச்சி?" என்றார். பைத்தியமா என்று. நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இனி என் விஷயத்துக்கு வரவேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

ரின்சி மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்த வருடம் அது. அவள் அப்பா மஸ்கட்டில். வீட்டில் நானும் அவளும். ஜனவரியில் அவள் போனுக்கு ரீசார்ஜ் செய்வதை நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் தேர்வெழுதும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது ஒரு நோன்பு மாதிரி நடக்கும். கேபிளைத் துண்டிப்பார்கள், நெட்டை நிறுத்துவார்கள், கல்யாண வீடுகளுக்குப் போகமாட்டார்கள். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் தன் மகனுக்கு அப்படித்தான் செய்தார், அவனுக்கு சீட் கிடைத்தது. அலாரத்துக்காக மட்டும் போன் அவள் கையில் இருக்கட்டும் என்று விட்டேன். கோச்சிங் சென்டரில் மாதிரித் தேர்வுகளை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள் என்று அவள் சொன்னாள். நான் நம்பவில்லை.

பிப்ரவரியில் ஒரு மாலை ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்தேன். மாடிப்படியின் ஐந்தாவது படியில் ரின்சி போனோடு உட்கார்ந்திருந்தாள். மாடியறையின் நெட் அந்தப் படிவரைக்கும் இறங்கி வரும் என்று அன்றுதான் தெரிந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு மேலே போனேன்.

"நீங்க என் பிள்ளைக்கு நெட் கொடுக்கல, விஷம் கொடுக்கிறீங்க" என்றேன். சத்தமாகத்தான். தெருவில் இரண்டு கதவு திறந்தது.

"பிள்ளை கேட்டுது எக்கா. பாடம்னு சொல்லிச்சு."

"பாடம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்."

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அது தெரிந்துதான் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த ஈரத்துணியை மடித்துக்கொண்டிருந்தார். "செரி எக்கா. நான் என்ன செய்யணும்?"

"பாஸ்வேர்டை மாத்துங்க."

"மாத்துதேன்."

மறுநாள் காலையில் கேட்டருகே நின்று, "மாத்தியாச்சு எக்கா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு ஐந்தாவது படி காலியாகவே இருந்தது. வாடகை கொடுக்க வரும்போது வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஜூனில் ரிசல்ட் வந்தது. போன தடவையைவிடக் குறைவு.

காலை ஒன்பதரைக்கு அந்த எண்ணைப் பார்த்தோம். நான் கத்தவில்லை. அது இன்னும் மோசம் என்று ரின்சி பிற்பாடு சொன்னாள். "ஜெராக்ஸ் எடுத்துட்டு வாறேன் அம்மே" என்று பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் காரணம் சொல்லிக் கிளம்பினாள். அவள் போன பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அவள் போனில் நெட் இல்லை என்பதே மறந்துபோய் வாட்ஸ்அப்பில் வரிசையாக அனுப்பினேன். அப்பாவிடம் நீயே சொல்லிக்கொள். ஆபீசில் நான் யார் முகத்தில் முழிப்பது. உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன் தெரியுமா. நான்காவதை இங்கே எழுதமாட்டேன். ஒரு தாய் எழுதக்கூடாததை ஒருமுறை எழுதியாயிற்று, அது போதும்.

நான்கின் கீழும் ஒற்றை டிக். போய்ச் சேரவில்லை.

பத்தரை ஆனது. ஜெராக்ஸ் கடையில் அவள் வரவே இல்லை என்றார்கள். போன் செய்தேன். நீங்கள் அழைக்கும் எண் தற்போது சேவையில் இல்லை என்று மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு பெண்குரல் சொன்னது. ஐந்து மாதமாக ரீசார்ஜ் இல்லாத எண்ணுக்கு எந்த அழைப்பு போகும்? அந்தக் குரலை அங்கே உட்கார வைத்தவள் நான்தான்.

அவள் தோழிகள் வீடு, கோச்சிங் சென்டர், சர்ச் எல்லாம் போனேன். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோவோடு எழுதிக் கொடுத்தேன். எழுதி வாங்கிய பெண் போலீஸ் என் கையைப் பிடித்து, "கிட்டும் சேச்சி, பேடிக்கண்டா" என்றார். கிடைத்துவிடுவாள், பயப்படாதீர்கள் என்று. வெளியே வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தேன். அந்த நான்காவது வாக்கியம் அப்படியே நின்றது. அவசரமாக அதை அழுத்திப் பிடித்து நீக்கினேன். மறைந்தது. மறைந்த பிறகுதான் கவனித்தேன்: 'அனைவருக்கும் நீக்கு' என்பதை விட்டுவிட்டு 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதைத் தொட்டிருக்கிறேன். என் போனில் அது இல்லை. அவளுக்காக எங்கேயோ காத்துக்கொண்டிருக்கிறது. இனி எடுக்கவும் முடியாது.

ஒரு மணிக்குத் துணிக்கடைக்குப் போனேன். மூன்றாவது தூண். சுற்றிலும் பெண்கள். அவர் டிபனைத் திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடினார்.

"ரின்சி இங்க வந்தாளா?"

"இல்லியே. என்ன எக்கா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் அந்தப் பெண்களைப் பார்த்து முதல்முறையாக, "ஆச்சா" என்று கேட்காமலேயே நகர்ந்தார். லீவு சொல்லவில்லை. பவர் பேங்க் லாக்கரில் கிடந்தது, அதையும் எடுக்கவில்லை. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

"பிள்ளைக்கப் போன் கையிலதான இருக்கு?"

"இருக்கு. ஆனா நெட் இல்ல, கால் போகல. அதால என்ன பிரயோஜனம்?"

"எனக்கதுல ஒட்டும்லா எக்கா."

"நீங்கதான் பாஸ்வேர்டை மாத்திட்டீங்களே!"

அவர் வெளியே ரோட்டைப் பார்த்தார். "மாத்தல்ல. மாத்தினேன்னு பொய் சொன்னேன். அத எப்படி மாத்துகதுன்னே எனக்குத் தெரியாது."

வேறொரு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்று அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவருடைய கணக்கு இதுதான். அவர் போனில் ஹாட்ஸ்பாட் எரிந்துகொண்டே இருக்கும். ரின்சியின் போன் முப்பது நாற்பது அடிக்குள் வந்தால் தானாக வந்து ஒட்டும். பூஜ்யம் ஒன்றாகும். முகம் தெரியாத இடத்திலும், கூட்டத்திலும், சுவருக்குப் பின்னாலும்.

தம்பானூர் ரயில் நிலையத்தில் எல்லா பிளாட்பாரத்திலும் நடந்தோம். நான் முகங்களைப் பார்த்தேன். பதினெட்டு வயதுப் பெண்கள் எத்தனை பேர் ரின்சி போட்டிருந்ததுபோல நீல நிறச் சுடிதார் போடுகிறார்கள்! அவர் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நிறைந்த குடம் சுமப்பவர்போல மெல்ல நடந்தார்.

"கொஞ்சம் ஆளையும் பாருங்களேன்!" என்று கத்தினேன்.

"முகம் நீங்க பாருங்க எக்கா. நான் இதப் பாக்கேன்."

பூஜ்யம். மியூசியம் வளாகத்தில் ஒவ்வொரு பெஞ்சாகப் போனோம். பூஜ்யம். யாரும் ஒட்டவில்லை என்றால் பத்து நிமிடத்தில் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும். அணைவதற்கு முன் அதைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே வந்தார், மயங்கப் போகிறவரை எழுப்புவதுபோல.

சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழியில்தான் அந்த நான்காவது மெசேஜைப் பற்றிச் சொன்னேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. "அவ போன் உங்க நெட்டுல ஒட்டின உடனே அது அவளுக்குப் போயிடும். நாம கண்டுபிடிக்கிற அந்த நிமிஷமே அத வாசிப்பா. கண்டுபிடிக்காம இருந்தா வாசிக்கமாட்டா. நான் என்ன செய்ய?"

அவர் என்ன வாக்கியம் என்று கேட்கவில்லை.

"அதுக்குப் பொறவு நீங்க ஒண்ணும் அனுப்பல்லியா?"

அனுப்பியிருந்தேன். பதினொரு மணியிலிருந்து அனுப்பிக்கொண்டே இருந்தேன். எங்கே இருக்கிறாய் மோளே. கோபம் இல்லை. மார்க் வேண்டாம். சாப்பிட்டாயா. அம்மா தப்புச் செய்துவிட்டேன். வா. வா. வா. எல்லாவற்றின் கீழும் ஒற்றை டிக்.

"எத்தனை இருக்கும்?"

"இருபத்தஞ்சு, முப்பது."

"அப்போ அதும் போவும்லா. வரிசையாத்தான போவும்? கெட்டது முன்ன போவும், நல்லது பொறத்தால போவும். நடுவுல கட்டாவாம பாத்துக்கிட்டா போரும். கடேசி வரைக்கும் நான் நிக்கேன் எக்கா. அசையமாட்டேன்."

சங்குமுகத்தில் மழைக்காலக் கடல் சாலைவரைக்கும் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. சிவப்புக் கொடி. ஆளில்லாத கரையில் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்தார். அலை ஒவ்வொன்றும் திரும்பிப் போகும்போது மணலில் எதையாவது விட்டுவிட்டுப் போகிறதா என்று நான் பார்த்தேன். ஒரு செருப்பு கிடந்தது. ஓடினேன். ஆண் செருப்பு. அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து என்னைத் தூக்கவில்லை. போனைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றார். "பூஜ்யம்தான் எக்கா" என்றார். அந்தக் கடற்கரையில் அதைவிட நல்ல வார்த்தையை யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது.

ஐந்து மணி. சார்ஜ் ஆறு சதவீதம். கடை லாக்கரிலிருந்து பவர் பேங்க்கை எடுத்துக்கொண்டு கோவளம், விழிஞ்ஞம் பக்கம் போகலாம் என்று கோட்டைக்குத் திரும்பினோம். கடை வராந்தாவில் ஏறினோம். முதல் தூண், இரண்டாம் தூண். மூன்றாம் தூணைத் தொட்டதும் அவர் நின்றுவிட்டார். நான் இரண்டடி முன்னே போயிருந்தேன்.

"எக்கா."

திரும்பினேன். போனை என் பக்கம் காட்டினார்.

இணைக்கப்பட்ட சாதனங்கள்: 1.

"கடைப் பிள்ளைகளா இருக்கும்" என்றேன்.

"அவளுகளுக்கப் போன் எல்லாம் லாக்கர்ல."

அப்போது மேலேயிருந்து சத்தம் வந்தது. மாடிப்படியின் மேலே எங்கேயோ ஒரு போன், டிங். பிறகு டிங், டிங், டிங். என் போனைப் பார்த்தேன். காலை ஒன்பது ஐம்பதுக்கு அனுப்பியதன் கீழே இரண்டு டிக். அடுத்ததன் கீழே இரண்டு டிக். மூன்றாவது. அதன் பிறகு ஒரு டிங் கேட்டது. என் போனில் அதற்கு அடையாளம் இல்லை. அது நான் நீக்கியது.

படியை நோக்கி ஓடினேன். அவரும் வருகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் தூணில் முதுகை ஒட்டி நின்றிருந்தார். போனை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

"நீங்க போங்க எக்கா. நான் நவுந்தா கட்டாவும். எல்லாம் போயிச் சேரட்டு."

"சார்ஜ்?"

"மூணு இருக்கு. போங்க, ஓடுங்க!"

இரண்டு மாடிப் படி. எனக்கு முன்னால் அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. டிங், டிங். ஒவ்வொன்றும் நான் அனுப்பியது. எது எதுவென்று எனக்குத் தெரியாது. எண்ணவும் முடியவில்லை. நிற்காமல் கேட்கிறதே, அது மட்டும்தான் தெரிந்தது. கடைசித் திருப்பத்தில், மொட்டைமாடிக் கதவின் கீழ்ப்படியில், மார்க் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு ரின்சி உட்கார்ந்திருந்தாள். கதவு பூட்டியிருந்தது. அந்தப் பூட்டைப் பற்றி நான் இன்றுவரைக்கும் அவளிடம் கேட்கவில்லை.

அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு படி கீழே நின்றேன். தொடப் பயமாக இருந்தது. அந்த நான்காவது வாக்கியத்தை அவள் வாசித்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. போனை அணைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அணைக்கவில்லை. டிங். டிங். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மே" என்றாள். "இன்னும் வந்துட்டே இருக்கு."

போனை என்னிடம் நீட்டினாள். வா. வா. சாப்பிட்டாயா. வா.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி மெசேஜ் வரும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இருவரும் கீழே வந்தோம். அவர் அதே தூணில், அதே இடத்தில் நின்றார். கடையின் சூப்பர்வைசர் எதிரே நின்று, எங்கே போனாய், யாரைக் கேட்டுப் போனாய் என்று மலையாளத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இவர் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. ரின்சியைப் பார்த்ததும் கேட்டார்.

"எல்லாம் வந்துச்சா மக்களே?"

"வந்துச்சு மாமி."

"ஆச்சா? அப்போ நான் நகரட்டா?"

ரின்சி தலையாட்டினாள். அவர் தூணிலிருந்து முதுகை எடுத்தார். எடுத்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன் அணைந்திருந்தது. எப்போது அணைந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

ரின்சி அன்று ஒன்றரை மணிக்கே அந்தத் தூணுக்கு வந்திருக்கிறாள். மாமி நிற்பார், நெட் கிடைக்கும், யாரிடமாவது பேசலாம் என்று. மாமி இப்போதுதான் வெளியே போனார் என்று, எதுவும் தெரியாத வேறொரு கடைப் பெண் சொன்னாளாம். காத்திருக்கலாம் என்று படியேறி உட்கார்ந்திருக்கிறாள். நாங்கள் ஊரெல்லாம் தேடிய மூன்றரை மணி நேரமும் அவள் அவரைத் தேடித்தான் அங்கே இருந்தாள். நான்கு வருடத்தில் அவர் அந்தத் தூணைவிட்டு நகர்ந்த ஒரே மதியம் அது. நகர வைத்தவள் நான். இதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

அடுத்த வருடம் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அவர் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார். பெருக்கச் சென்றபோது பார்த்தேன். அறையின் ஒரு மூலையில், தரையில், கட்டிலுக்கு எட்டாத இடத்தில், ஓர் எக்ஸ்டென்ஷன் வயரும் நாலாக மடித்த பழைய துணியும் இருந்தன. துணியில் போன் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அங்கே போய் ஏன் போனை வைத்தார் என்று முதலில் புரியவில்லை. கீழே வந்து பார்த்தேன். அதற்கு நேர் கீழே ரின்சியின் படிப்பு மேஜை.

பாஸ்வேர்டு மாற்றத் தெரியாது என்று சொன்னவர் அவர். கடைப் பெண்கள் நான்கைந்து பேரின் போனில் அதையெல்லாம் சரிசெய்து கொடுத்தவரும் அவர்தான்.

சில மாதம் போனில் பேசினோம். பிறகு அவர் எண்ணும் சேவையில் இல்லை என்று அதே பெண்குரல் சொல்லத் தொடங்கியது.

ரின்சி இப்போது கோயம்புத்தூரில் வேறொரு படிப்பு படிக்கிறாள். நன்றாக இருக்கிறாள். அவள் எண்ணுக்கு ரீசார்ஜ் முடிய பத்து நாள் இருக்கும்போதே போட்டுவிடுகிறேன். அவள் திட்டுகிறாள். என் போனின் ஹாட்ஸ்பாட்டுக்குத் தமிழில் 'வா மக்களே' என்று பெயர் வைத்திருக்கிறேன், பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரை. அவள் லீவுக்கு வரும்போது கேட்டுக்கு வெளியே நிற்கிறபோதே என் போனில் ஒன்று வந்துவிடும். அதன் பிறகுதான் கதவைத் திறக்கப் போவேன்.

போன மாதம் அவள் வருகிற நாள். ரயில் இறங்கி வரும் அவளுக்காகக் கோட்டை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வைத்திருந்தேன். பூஜ்யம் ஒன்றானது. சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அவள் இல்லை. போன் செய்தேன்.

"ரயில் லேட்டு அம்மே. இன்னும் கொல்லமே தாண்டல. நீங்க வீட்டுக்குப் போங்க, நான் வந்துக்குவேன்."

மறுபடியும் பார்த்தேன். ஒன்று. போனின் பெயராக ஏதோ எண்களும் எழுத்துகளும். யாரோ ஒருவர். எப்போதோ, எந்த பஸ் ஸ்டாப்பிலோ, எந்தத் தூணருகிலோ ரின்சியின் மாமியிடம் நெட் வாங்கியவர். அந்த ஆளின் போனுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கிறது. நாற்பது அடிக்குள் எங்கேயோ நிற்கிறார். யாரையோ அழைக்கிறாரோ, எதையோ திறக்கிறாரோ, அவருக்கு எதுவும் வந்துசேராமல் காத்திருக்கிறதோ, எனக்குத் தெரியாது. கூட்டத்தில் எல்லோரும் போனைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சா என்று கேட்க எனக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை.

மணக்காடு பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்று, "கேறுந்நோ சேச்சி?" என்றார். ஏறுகிறீர்களா என்று.

போனை நெஞ்சருகே பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றேன்.